அடங்காத கோடு

ஆய்வகத்தில் அவளுக்கு 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, குழந்தையையும் பள்ளியில் சேர்த்துவிட்டான். இவள் முனைவர் பட்டத்துக்காக ஏழாவது வருடமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து கணினித் திரையில் ஒரு கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஃபோன் செய்யும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சந்தாம்மா" என்று சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம்.

கணினிக்குள் லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றும் ஆன் அல்லது ஆஃப். பக்கத்துக் கட்டம் வழிவிட்டால்தான் ஒன்று மாறலாம். கூட்டம் பிதுங்கும் பேருந்திலிருந்து இறங்குகிற கதைதான். குளிரவைத்தால் இதன் ஆற்றல் கடைசியில் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைக் காகிதத்தில் நாலே வரியில் போட்டுவிடலாம். ஆனால் அந்த ஆற்றலைக் காட்டும் இந்தச் சனியன் பிடித்த கோடு அங்கே போய்ச் சேர்ந்தால்தானே!

போன மாதம் கோடு பாதி வழியில் படுத்துவிட்டது. நாள் கணக்கில் அசைவே இல்லை. யாரும் அறியாத ஓய்வு நிலை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவளும், அவளுக்கு வழிகாட்டியான சாரும் துள்ளினார்கள். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தையே அதன்மேல் எழுப்பினாள். அவளுக்குக் கிடைத்த மூன்றாவது நீட்டிப்பு இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குமேல் பதிவே ரத்து.

கணினி ஓட்டத்தை நிறுத்த மட்டும் மறந்திருந்தாள். திங்கட்கிழமை எட்டிப் பார்த்தால், படுத்திருந்த கோடு நூலிழை இறங்கியிருந்தது. நேரத்தைப் பத்து, நூறு, ஆயிரம் என்று மடங்குகளாகப் பிரித்து மறுபடி வரைந்தாள். ஓய்வும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தொடக்கத்திலிருந்தே ஒரே சீரான சரிவு. நேரம் பத்து மடங்கானால் ஒரு துளி இறக்கம். மிச்சத் தூரத்துக்கு எண்பதாயிரம் வருடம் ஆகும்.

"சார், இது அடங்கவே இல்ல."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "படத்த போன மாசத்தோட நிறுத்தி, மிச்சத்த வெட்டிடும்மா. யாரு கேக்கப் போறா?"

"ஏழு வருஷமா 'பொறு, பொறு'ன்னீங்க. இப்ப பொறுத்ததுல தெரிஞ்சத மறைக்கச் சொல்றீங்களா?"

"பட்டம் வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். அதுக்காகப் பொய்ய எழுதிட்டு, யாராவது மறுபடி வரைஞ்சு பாத்துடுவாங்களோன்னு காலமெல்லாம் பயந்து சாக என்னால ஆகாது."

அத்தியாயத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு, மூன்றே நாளில் புதிதாக எழுதினாள். கோடு எங்கேயும் நிற்கவில்லை. எவ்வளவு காலம் காத்திருந்து பார்க்கிறோமோ அதற்கேற்ப விடையும் மாறுகிறது என்று எழுதினாள். சார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முப்பது பக்கத்தையும் படித்தார். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படாமல், முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு அவள் வீடு திரும்பியதும், கதவைத் திறந்த கணவன் கேட்டான்.

"முடிஞ்சுதா?"

"நான் முடிச்சிட்டேன். அந்தக் கோடுதான் முடியாதுங்க" என்றவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து, ஏழு வருடத்து ஆத்திரத்தையும் வாய்விட்டு அழுது தீர்த்தாள்.