கவிழ்த்து வைத்த கிளாஸ்

காளிகாட் பாலத்தின் நடுவில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் வரவில்லை. கீழே டோலி நாலா கால்வாய், ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கறுப்பாகக் கிடந்தது. என் கையில் ஒரு பீர் கிளாஸ். காலி கிளாஸ்தான். ஆனாலும் உள்ளே விரல் பட்டுவிடாமல் அடியைப் பிடித்துக்கொண்டு, நிறைந்து தளும்புகிற ஒன்றைக் கொண்டுபோவதைப் போல அலிப்பூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மூன்று மணி வெயில். எதிரே வந்த ரிக்‌ஷாக்காரன் என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டான். புத்தி சரியில்லாதவன் என்று நினைத்திருப்பான். பின்னால், கோவில் சந்தில் ஒரு தமிழ் மெஸ்ஸில், மடியில் மரப்பெட்டியை வைத்துக்கொண்டு சார் உட்கார்ந்திருந்தார். “பாலத்தைத் தாண்டிப் போனேன்னா திரும்ப என் மூஞ்சில முழிக்காத” என்று சொல்லியிருந்தார். நான் தாண்டிக்கொண்டிருந்தேன்.

சார் தெற்கே ஒரு பீர் கம்பெனியின் ஆள். திருநெல்வேலிப் பக்கம். கிழக்கு மாநிலங்களில் கம்பெனியின் சரக்கு போகிற பார்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது அவர் வேலை. பாட்டில் மூடியை நோகாமல் கழற்றி, பாதியை எடுத்துக்கொண்டு தண்ணீரும் வேறு மட்டச் சரக்கும் கலந்து, மறுபடி மூடி அடித்துவிடுகிறவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. ஸ்டோரிலிருந்து ஆறு பாட்டில் எடுத்துவரச் சொல்லி, ஆறு சின்ன கிளாஸில் வரிசையாக ஊற்றி, ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். அந்த கிளாஸ்களும் கம்பெனி கொடுத்தவை. தேக்குப் பெட்டி, உள்ளே பச்சைத் துணி, ஆறு குழி. விளிம்புக்குக் கீழே பச்சைக் கோடு போட்ட ஆறு கிளாஸ். கடைக்காரன் கிளாஸில் எதையும் ஊற்றக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். டாட்டாநகர், தன்பாத், அசன்சோல் என்று அந்தப் பெட்டியை நான்தான் சுமந்தேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். விசாகப்பட்டணம் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். சாந்த்ராகாச்சி யார்டில் காலி வேகன்களில் இரண்டு மாதம் தூங்கினேன். மழைக்காலத்தில் அது மோசமில்லை, வெயில் காலத்தில்தான் இரும்பு சுடும். அப்புறம் கரக்பூரில் ரயில்வே கேன்டீனில் தட்டு எடுத்தேன். சார் அங்கே சாப்பிட வந்தவர், தமிழ் கேட்டு நிமிர்ந்து பார்த்து, “பெட்டி தூக்க வாறியாடே?” என்றார். எனக்கு முப்பது வயது முடிந்திருந்தது. எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்ததில்லை. ஊர் மாறிக்கொண்டே இருக்கிற வேலை என்றதும் அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

சேர்ந்த நாலாம் மாதம் தன்பாத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பதினைந்து நாள் படுத்து எழுந்தார். அசன்சோல் பிளாட்பாரத்தில் ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைத்து முகர்ந்தார். பக்கத்தில் ஷூ பாலிஷ் போடுகிறவனிடம் டப்பாவை வாங்கி அதையும் முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, “ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றார். காய்ச்சலோடு அவருக்கு மணமும் ருசியும் போயிருந்தன. ஊரில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கிறது. கம்பெனி அவருக்குச் சோறு போடுவது அவர் நாக்குக்காக.

அன்றைக்கு ரயிலில் வைத்து ஏற்பாட்டைச் சொன்னார். பெட்டிக்காரன் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்ப்பான், பெரிய இடங்களில் அதுதான் வழக்கம் என்று கடைக்காரர்களிடம் சொல்லிக்கொள்வது. நான் குடித்துவிட்டு அவரிடம் நீட்டுவேன். அவர் கண்ணை மூடி ஒரு மிடறு குடித்துவிட்டு கிளாஸை என்னிடமே தருவார். சரக்கு சரியென்றால் நான் அதை நிமிர்த்தி வைப்பேன். தப்பென்றால் மிச்சத்தைக் கொட்டிக் கவிழ்த்து வைப்பேன். அதைப் பார்த்து அவர் பேசுவார். “நல்லாருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. ஏன்னு நீ யோசிக்க வேண்டாம். ஏன்னு நான் எழுதிக்கிடுதேன்” என்றார். எனக்குக் கூச்சமாக இல்லை. மூட்டை தூக்கியவன் நாக்கைத் தூக்க முடியாதா? ஆறேழு மாதம் இப்படி ஓடியது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். தப்பியிருந்தாலும் எங்களுக்குத் தெரிய வழியே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அலிப்பூர் கோர்ட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பாரைப் பற்றிக் கம்பெனிக்குப் புகார் போயிருந்தது. பீரில் நுரையே நிற்கவில்லை, தண்ணீர் கலக்கிறார்கள் என்று. கரக்பூரிலிருந்து காலை வண்டியில் வந்தோம். சாந்த்ராகாச்சியில் வண்டி வெட்டி இழுத்து நின்றதில் மேல் பலகையிலிருந்து பெட்டி விழுந்தது. திறந்து பார்த்தால் மூன்று கிளாஸ்தான் மிச்சம். சார் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஜன்னல் வழியே போட்டார். “மூணுக்கு அங்கயே வாங்கிக்கிடுவோம்” என்றார். அவருடைய சட்டத்தை அவரே மீறினார்.

நாங்கள் போனபோது பாரில் கரன்ட் இல்லை. மின்விசிறி நின்று போய், ஒரு ஜன்னல் வெளிச்சம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வக்கீல்கள் போய்விட்டிருந்தார்கள். மீன் வறுவல் தட்டுகள் இன்னும் மேஜைமேல் கிடந்தன. மேனேஜர் பாபுவுக்கு வேர்த்துக் கொட்டியது, புழுக்கத்தால் மட்டுமல்ல. சரக்கு நின்றால் பார் நின்றது. ஸ்டோர் சாவி இருந்தது தலைமை பேரரிடம், பரிமாறுகிறவர்களில் மூத்தவர். அறுபதை நெருங்குகிற வங்காளி, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு. எல்லோரும் அவரை தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டார்கள், மேனேஜர் உட்பட. அவர் முன்னாலேயே மேனேஜர் ஹிந்தியில் சொன்னார்: “சாஹேப், ஒரு பாட்டில்ல தப்பு இருந்தாலும் சாவி வச்சிருக்கிறவன் இன்னைக்கே வெளியே. என் பார்ல திருட்டு கிடையாது.” தாதா ஆறு பாட்டில்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்.

எங்கள் மூன்று கிளாஸில் ஊற்றினேன். நுரை விரல்கடை உயரம் எழுந்து நின்றது. குடித்தேன், கொடுத்தேன், நிமிர்த்தி வைத்தேன். தாதா தோளில் கிடந்த துணியால் பாரின் கிளாஸ்கள் மூன்றைத் துடைத்து என் முன்னால் வைத்தார். நாலாவதை ஊற்றினேன். நுரை எழுந்தது, எழுந்த வேகத்தில் செத்தது. பால் திரிந்த மாதிரி நாலு குமிழி. குடித்துப் பார்த்தேன். நாக்கு சரி என்றது. கண் இல்லை என்றது. புகாரும் நுரையைப் பற்றித்தான். சார் வழக்கம்போலக் கண்ணை மூடி ஒரு மிடறு குடித்து கிளாஸை என்னிடம் தந்தார். சார் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மேனேஜர் சார் முகத்தை, தாதா என்னை. ஏதோ ஒரு வாசனை இருந்தது, என்னவென்று பிடிபடவில்லை. நான் கண்ணை நம்பினேன். கொட்டிக் கவிழ்த்தேன். ஐந்தாவதும் அப்படியே. ஆறாவதும் அப்படியே.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மூணுல கலப்படம்” என்றார்.

“நான் மூடியைத் தொட்டதில்ல, பாபு” என்றார் தாதா. ஒரே தடவைதான் சொன்னார். மேனேஜர் கையை நீட்டினார். தாதா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். கோட்டையும் கழற்றச் சொன்னார்கள். பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் நான் பெட்டியை அடைத்து மூடினேன். அங்கே நிற்க முடியவில்லை.

காளிகாட் மெஸ்ஸில் கூட்டம். சார் மாத்திரை போட வேண்டும், தம்ளர் வரவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு கிளாஸை எடுத்துத் தண்ணீர் மொண்டேன். பச்சைக் கோடு இல்லை. பழக்கத்தில் பாரின் கிளாஸ் ஒன்றையும் சேர்த்து அடைத்திருக்கிறேன். தண்ணீர்மேல் சின்னச் சின்னதாக எண்ணெய்க் கண்கள் மிதந்தன. முகர்ந்தேன். கடுகெண்ணெய். வங்காளத்தில் இத்தனை நாள் கிடந்து, சந்து, சட்டி, ரயில் என்று எங்கும் அதையே முகர்ந்து முகர்ந்து அது ஒரு வாசனை என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மீன் தட்டைத் துடைத்த துணியால் தாதா கிளாஸைத் துடைத்திருக்கிறார். எண்ணெய் பட்ட கிளாஸில் எந்த பீரிலும் நுரை நிற்காது.

சார் கிளாஸைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

“நம்ம கிளாஸ் மூணும் சரி, அவன் கிளாஸ் மூணும் தப்புன்னதும் அங்கயே எனக்குத் தோணிச்சு. ஆனா நீ கவுத்துட்ட. நீ கவுத்த பிறகு நான் என்னத்தைச் சொல்ல?”

“திரும்பிப் போய்ச் சொல்லிடுவோம், சார்.”

“என்னன்னு? இருவத்தஞ்சு வருசமா ருசி பாக்குதவனுக்குக் கடுகெண்ணெய் தெரியலன்னா? நாளைக்கே கம்பெனிக்குப் போன் போவும். அவன் சோறா, என் சோறா? நீயே சொல்லுடே.”

தாதா பொத்தான் கழற்றியது கண்ணில் நின்றது, அவ்வளவுதான். தண்ணீரைக் கொட்டிவிட்டு கிளாஸோடு எழுந்தேன். பாலத்தைப் பற்றி அவர் சொன்னது அப்போதுதான்.

தாதா பாரின் வாசற்படியிலேயே பனியனோடு உட்கார்ந்திருந்தார். இந்நேரத்துக்கு வீட்டுக்குப் போனால் வீட்டில் கேட்பார்களே என்று லோக்கல் ரயிலைப் பிடிக்காமல் இருந்திருக்கிறார். அவரையும் உள்ளே அழைத்துப் போனேன். நான் கொண்டுபோன கிளாஸில், கலப்படம் என்று சொன்ன பாட்டில் ஒன்றில் மிச்சமிருந்ததை மேனேஜரையே ஊற்றச் சொன்னேன். நுரை செத்தது. சலவைச் சோடாவும் வெந்நீரும் கேட்டு வாங்கி, அதே கிளாஸைத் தேய்த்துக் கழுவி, துடைக்காமல் உதறிக் கொடுத்தேன். அதே பாட்டில். ஊற்றினார். நுரை எழுந்து நின்றது. மூன்று பேரும் அது விழுமா என்று பார்த்துக்கொண்டு நின்றோம். விழவில்லை.

மேனேஜர் கிளாஸை விட்டு என்னைப் பார்த்தார். “அப்போ உங்க சாஹேப் நாக்கு என்ன பண்ணிட்டிருந்துச்சு?”

பாலத்தில் நடந்தபோது நான் பதில் தயார் செய்யாத கேள்வி இது ஒன்றுதான்.

“கடைசி மூணையும் சாஹேப் குடிக்கல. நான் குடிச்சுச் சொன்னேன். தப்பு என்னோடது.”

“குடிச்சதை நான் பார்த்தேனே.”

“கரன்ட் இல்ல பாபு. இருட்டுல பார்த்தீங்க.”

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. சாவியை எடுத்து மேஜைமேல் எறிந்தார். “நாளைக்கு நேரத்தோட வா” என்றார் தாதாவிடம், ஏதோ தாதா அன்றைக்குத் தாமதமாக வந்துவிட்ட மாதிரி. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்த அறையில் யாரும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, “கிளாஸ் கழுவறவன் ஓடிப்போய்ப் பத்து நாளாச்சு. உனக்குத்தான் கிளாஸைப் பத்தி இவ்வளவு தெரியுதே” என்றார்.

மெஸ்ஸுக்குத் திரும்பியபோது சார் இல்லை. என் துணிமூட்டையை மெஸ்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். “நீங்க எந்தப் பக்கம் போனீங்கன்னு பாக்க பாலம் வரைக்கும் போனாரு” என்றார் மெஸ்காரர். அந்தப் பாரைப் பற்றி சார் எழுத வேண்டிய ரிப்போர்ட் வரவே இல்லை, சரக்கும் நிற்கவில்லை. அவர் எழுதாமல் விட்டாரா, எழுத முடியாமல் போனாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை கம்பெனியிலிருந்து வேறொரு ஆள் வந்தான். அவனிடம் பெட்டி இல்லை. சாரைப் பற்றிக் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டேன்.

போன வருஷம் பெங்களூரில் என் தங்கை மகன் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். பீரை அங்கேயே காய்ச்சுகிறார்களாம். ஒரு நீளப் பலகையில் ஆறு குழி, ஆறு சின்ன கிளாஸ், ஆறு நிறம். “ஒவ்வொண்ணா டேஸ்ட் பண்ணுங்க மாமா, எது நல்லாருக்குன்னு சொல்லுங்க” என்றான். சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டு குடித்தார்கள். முதல் கிளாஸை எடுத்து, குடிப்பதற்கு முன்னால் முகர்ந்தேன். “என்ன மாமா, விஷமா இருக்கும்னு பாக்கறீங்களா?” என்றான். ஆறும் நன்றாகத்தான் இருந்தன. ஆறையும் நிமிர்த்தியே வைத்தேன். அவற்றை வைக்கும்போது யாரோ எதிரிலிருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போலிருந்தது.

பாலத்தில் தூக்கிக்கொண்டு நடந்த கிளாஸ் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. பாரை விட்டுப் போனபோது எடுத்துக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை. அந்தப் பாரில் மூன்று வருஷம் இருந்தேன். என் வாழ்க்கையில் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் இருந்தது அதுதான் முதல்.

சார் கிளம்பிப் போன மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாருக்கு வேலைக்குப் போனேன். தாதா கோட்டுப் பொத்தான்களை மாட்டிக்கொண்டே பின்கட்டுக்கு வந்து, சோடா டப்பாவையும் வெந்நீர் வாளியையும் காட்டினார். பழைய துணியை அவரே அடுப்பில் போட்டார்.

“உங்க சாஹேபுக்கு ருசி தெரியாது” என்றார் அடுப்பைப் பார்த்தபடி. “முப்பது வருஷமா குடிக்கிறவங்களைப் பார்க்கிறேன். தெரிஞ்சவன் அப்படி முழுங்க மாட்டான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே, தாதா?”

“ஒரு பேரர் சொன்னா எவன் நம்புவான்? சரி, நீ வேலையைப் பாரு.”

அறுபத்து நாலு கிளாஸ் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேய்த்து, அலசி, தண்ணீர் வடிவதற்காகப் பலகையில் கவிழ்த்து வைத்தேன்.