அக்கா இழுத்தும் வராத பொடி

அக்கா முப்பது வருடம் அண்டியாபீசில், முந்திரி ஆலையில், வேலை பார்த்தவள். முந்திரிக்கொட்டை வறுக்கிற புகையில் நெஞ்சு கெட்டுவிட்டது. கல்யாணம் ஆகவில்லை; என்னோடும் என் மனைவியோடும்தான் இருக்கிறாள். போன ஆனியில், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து மழைக்காற்று இறங்கியதும் மூச்சுமுட்டல் கூடியது. டாக்டர் மருந்தை மாற்றினார். கூடவே மருந்தை உறிஞ்ச ஒரு புதுக் குழல். கேப்சூலை உள்ளே வைத்து, பொத்தானை அமுக்கித் துளையிட்டு, வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். அந்த வேகத்தில் கேப்சூல் சுழன்று பொடி நெஞ்சுக்குள் போகும்.

பழைய குழலில் காற்று தாராளமாக வரும். இதில் அக்கா இரண்டு முறை இழுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இது அடைச்சிருக்குன்னு தோணுது மக்கா."

காலிக் கேப்சூல் ஒன்றைப் போட்டு நான் இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் கேப்சூல் கிர்ரென்று சுழன்றது.

"எனக்கு வருதே அக்கா. நீ பலமா இழுக்கல்ல."

"பலமாத்தான் இழுக்கேன்."

ஒரு வாரம், காலையும் மாலையும், எதிரில் உட்கார்ந்து "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் தண்ணீர் வரும். கேப்சூல் சுழலும் சத்தம் மட்டும் கேட்காது. திறந்து பார்த்தால் பொடி முக்கால்வாசி அப்படியே இருக்கும். ஒருநாள் பொறுமை போய், "சின்னப்பிள்ளை மாதிரி ஏமாத்தாத" என்று சொல்லிவிட்டேன். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இழுத்தாள். என் மூச்சில் பாதியை அவளுக்குக் கொடுக்க முடிந்தால் போதும் என்றிருந்தது.

எட்டாம் நாள் பேச்சை முடிக்க முடியாமல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூச்சு சற்று அடங்கியபின், அங்கிருந்த பெண் டாக்டர் ஓர் அளவுக் கருவியில் அவளை இழுக்கச் சொன்னார். முள் கொஞ்சம் எழுந்து, விழுந்துவிட்டது.

"இந்தக் குழல்ல காத்து போற வழி குறுகல். வேகமா இழுத்தாத்தான் பொடி பிரிஞ்சு உள்ள போகும். இவங்க நெஞ்சுக்கு அந்தப் பலம் இல்ல. இவங்க மேல தப்பில்ல."

டாக்டர் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது ஸ்பிரே மருந்து. முன்னால் ஒரு பிளாஸ்டிக் குடுவையை மாட்டி மெதுவாக மூச்சிழுத்தால் போதும். முட்டல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் படிகளில் பாதியில் நின்றுவிடுகிறாள்.

"நீ முன்ன போ மக்கா, நான் வாறேன்."

நான் போவதில்லை. அவள் பக்கத்திலேயே நிற்கிறேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.