என்னைத் தெரியுதா என்று கேட்காதீர்கள்

இராஜபாளையத்தில் மில் வேலை பார்க்கும் என் கணவர், விஷ ஜுரத்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உறவுக்காரர்களும் மில்காரர்களும் ரயிலேறிப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவர் தோளை உலுக்கி, "என்னைத் தெரியுதா?" என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னால்தான் அவர்களுக்கு நிம்மதி. அவர் கண்ணயர்ந்திருந்தால், வந்தவர் மனம் நோகக் கூடாதென்று நானே எழுப்பிவிடுவேன். அதுதான் நான் செய்த தவறு.

நான்காம் நாள் காலையில் அவர் என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார். போர்வையைப் பிய்த்தெறிந்து கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். ஓடி வந்த நர்ஸம்மா என்னைத்தான் திட்டினார். "ராத்திரி ஜுரம் தூங்க விடல. பகல்ல நீங்க விடல. மனுசன் எம்புட்டுதான் தாங்குவாரு?"

அந்த நர்ஸம்மாவிடமே ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி வார்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். தளவாய்புரத்திலிருந்து வந்த கணவரின் அக்காளையும் மறித்தேன்.

"ஏட்டி, கூடப் பெறந்தவ கூப்பிடக் கூடாதா?"

"இங்கன நின்னு மொகத்தைப் பாத்துட்டுப் போங்க மதினி. எழுப்புனா நான் சும்மா இருக்க மாட்டேன்."

இரண்டு நாள் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். மூன்றாம் நாள், யாரும் கேட்காமலே, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கஞ்சி கேட்டார்.

இப்போது எந்த நோயாளியைப் பார்க்கப் போனாலும், அவர் தூங்கிக்கொண்டிருந்தால், கொண்டுபோன பழத்தைத் துணைக்கு இருப்பவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். மதினி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம். அவர் தம்பி பேசுகிறார்.