அழகான காளி வேண்டாம்

மாசி மாதம் மயானக் கொள்ளை அன்று எங்கள் காஞ்சிபுரத்தில் ஓர் ஆண் புடவை கட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். காளி வேஷம் என்று வழிவிட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். மற்ற நாட்களில் நான் கொஞ்சம் ஒயிலாக நடந்தாலே போதும், தறிக்குத் தறி பேச்சு பரவிவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஒரு நாளை நினைத்துத்தான் வருஷம் முழுவதும் தறியில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் வேண்டுதல் என்று சொல்லிவைத்திருந்தேன். என்ன வேண்டுதல் என்று கேட்டால், வெளியே சொல்லக் கூடாது என்பேன்.

என்னைப் போல ஆண்கள் மேல் ஆசைப்பட்டவர்கள் நாலைந்து பேர் இருந்தோம். அதை வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை, ஆனால் தெரியும். மற்றவர்கள் முகத்தில் நீலம் அப்பி, கோரைப்பல் வைத்து, அட்டை நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு வருஷம் எனக்கு அது அலுத்துவிட்டது. வழவழவென்று மழித்து, மஞ்சள் பூசி, சவுரி வைத்துப் பின்னி, கனகாம்பரம் சூடி, அரக்கு நிறப் புடவையில் போனேன். கையிலிருந்த வேப்பிலைக் கொத்துதான் காளிக்கு அடையாளம். அடக்கமாகச் சொன்னாலும் நான் அழகாகத்தான் இருந்தேன். மாகறலிலிருந்து வந்திருந்த ஒரு பெண், "இப்படி வந்து நில்லும்மா, ஆம்பளைங்க இடிச்சிக்கினு போறானுங்க" என்று கையைப் பிடித்து என்னைப் பெண்களோடு நிறுத்தினாள். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

அதுவே வம்பாகவும் போயிற்று. வேஷம் வேஷமாகத் தெரிய வேண்டும் என்றார்கள் திருவிழா நடத்தும் பெரியவர்கள். பயமுறுத்தினால் சாமி, பயமுறுத்தாவிட்டால் அசிங்கம். மறுபடி அப்படி வந்தால் இனி யாருக்குமே புடவை வேஷம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டு, எனக்குப் பெண் பார்க்கச் சொல்லி மாமாவை விரட்டினாள்.

அடுத்த மாசி நெருங்கியதும் எங்களில் ஒருவன் வந்து கெஞ்சினான். சாயப்பட்டறையில் வேலை, கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"உனுக்கு அழகா இருக்கணும். எங்களுக்கு அந்த ஒரு நாளாவது இருக்கணும்பா. மூஞ்சிய மறைச்சிக்கினாதான் எங்களால வெளிய வர முடியுது."

அவன் சொன்னது நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. சரி, எனக்கும் நீலத்தைப் பூசித் தொலை என்றேன். பட்டுக்குச் சாயம் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? நிறம் எடுப்பாக இருக்கட்டும் என்று பட்டறைச் சாயத்தையே எண்ணெயில் குழைத்து அப்பிவிட்டான். அப்புறம் எங்களில் யார் யாரென்று எங்களுக்கே தெரியவில்லை.

இந்த வருஷம் போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து காலில் விழுந்தாள்.

"என் பையன் ஒரு மாதிரியா இருக்கறான் தாயே. அவன ஆம்பளையா ஆக்கிக் குடு."

காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கேட்டவர்களுக்குக் காளி வாக்குச் சொல்லியாக வேண்டும், அதுதான் வழக்கம். மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "அவன் கிட்ட கொறை ஒண்ணும் இல்ல. அவன அப்படியே உட்டுடு" என்றேன். அவள் குங்குமத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சீயக்காய் போட்டு எவ்வளவு தேய்த்தும் அந்தச் சாயம் முழுதாகப் போகவில்லை. மறுநாள் சோறு போட்ட அம்மா, என் முகத்தில் ஒட்டியிருந்த நீலத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் எண்ணெய் தொட்டு என் காதுக்குப் பின்னால் தேய்க்க ஆரம்பித்தாள். பெண் பார்க்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டதாகவும், ஆத்தா வாக்கை மீற முடியாது என்றும் சொன்னாள்.

"அடுத்த வருசம் மஞ்சளையே பூசிக்கினு போ" என்றாள். "இது தோலைக் கெடுத்துடும்."