குடை பிடித்த கதாநாயகன்

மலாயாவில், ஈப்போவின் ஊமைப்படக் கொட்டகையில் திரையோர மேடையில் நின்று கதை சொல்பவர் அவர். நோஞ்சான் உடம்பு, ஊரதிரும் குரல். திரையில் வருபவன் கையிலிருக்கும் பொருளைப் பார்த்தே ஆளைத் தீர்மானிப்பது அவர் வழக்கம்.

அன்று திரையில் வெள்ளைக்காரன் ஒருவன் குடையோடு வந்தான்.

“கங்காணி வாரான்!” என்றார்.

ரப்பர் தோட்டத்தில் குடை பிடிப்பது, கூலிகளை விரட்டி வேலை வாங்கும் கங்காணி மட்டும்தான். பால்வெட்டும் சனம் படம் முழுக்க அவனை ஏசியது. கடைசியில் பார்த்தால் அவன்தான் கதாநாயகன். குடையைச் சாய்த்து வைத்துவிட்டுப் பெண்ணுக்கு மோதிரம் போட்டான்.

“யோவ், கங்காணிக்கா பொண்ணு குடுக்குற? இறங்குய்யா கீழ!”

பெஞ்சுகள் புரண்டன. சிலர் அவரை நோக்கியே பாய்ந்தார்கள்.

“அண்ணே, நல்லாப் பாருங்க! குடையக் கீழ வச்சுட்டான்லா. இனிமே அவன் நம்ம ஆளு!” என்றார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நாலு புத்தகம் படித்த மிதப்பில் உட்கார்ந்திருந்த நான், மடியிலிருந்த என் குடையை மெல்லப் பெஞ்சுக்கடியில் தள்ளினேன்.