சுத்தமாகிப்போன ஒரு ஸ்டீயரிங்

கார்களின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்யும் என் தொழிலில், வந்து சேரும் கறைகளில் பாதி, கறையை எடுக்கப் போனதால் வந்த கறைகள்தான். குழந்தை கொட்டிய பால் முதலில் சின்ன வட்டமாகத்தான் இருந்திருக்கும். வீட்டம்மா ஈரத்துணியால் தேய்த்து, வீட்டுக்காரர் பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டு, மைத்துனர் பெட்ரோல் ஊற்றி, அப்புறம்தான் என் ஞாபகம் வரும். சட்டைப் பையில் பட்ட பேனா மையைத் தேய்த்தே சட்டை முழுக்க நீலமாக்கிக்கொண்டவர் உங்களில் யாராவது இருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் மெயின் ரோட்டில் என் கடை. முன்பு அது குஷன் கடை. சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வண்டிகள் சீட் கவரோடேயே வந்து இறங்குவதால் ஊசியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்தேன். வெளிப்பக்கம் தண்ணீர் அடிப்பது பேச்சிமுத்து, உள்பக்கம் நான். ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்குப் போய்வரும் வண்டிகளில் தூசி, நாய் வளர்ப்பவர்கள் வண்டியில் முடி, கல்யாணத்துக்குப் போய்வந்த வண்டிகளில் சீட்டுக்கு அடியில் லட்டு என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதெல்லாம் அன்றோடு மறந்துபோகும். மறக்காமல் கிடப்பது ஒரே ஒரு ஸ்டீயரிங். அது ஒவ்வொரு தடவையும் கடைக்கு வந்த கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

தேய்ந்துவிட்டது என்று வந்தவர்

ஒரு மத்தியானம் கருப்புக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் கண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் சின்னதாகப் பால்கோவாக் கடை வைத்திருப்பவர், வீடு ராஜபாளையத்தில். வந்ததும் வராததுமாக, "ஸ்டீயரிங் தேஞ்சுபோச்சு பாய். ரெக்சின்ல ஒரு உறை தச்சு மூடிருங்க" என்றார். பார்த்தேன். சாதாரண ஸ்டீயரிங் இல்லை அது. மான் தோல் மாதிரி பொசுபொசுவென்று இருக்கும் ஒருவகைத் துணி சுற்றியது. ஸ்வேட் என்பார்கள். நம்ம ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் யாரும் கேட்டு வாங்குகிற சாமான் இல்லை. கை பிடிக்கும் இரண்டு பக்கமும் சாம்பல் பூத்து, எண்ணெய் தடவியது போல மினுமினுத்தது.

கண்ணன் விஷயத்தைச் சொன்னார். வண்டி அவருடையது அல்ல. அண்ணன் ரங்கராஜ் பெங்களூரில் வேலை பார்த்தபோது பழைய வண்டியாக வாங்கியது. சிங்கப்பூர் போகும்போது, அப்பாவை மதுரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வசதியாக இருக்கட்டும் என்று விட்டுப்போனார். வாரத்தில் இரண்டு நாள் மதுரை போய்வர வேண்டும். சொத்து விஷயத்தில் அண்ணன் தம்பி இருவரும் ரொம்ப காலம் பேசாமல் இருந்து, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேச்சு இந்த வண்டியால் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் கண்ணனுக்கு இருந்த பயமெல்லாம். நான் ஓர் ஓரத்தில் மட்டும் நுரை தொட்டு, மெல்லிய பிரஷ்ஷால் நீவிக் காட்டினேன். படுத்துக் கிடந்த ரோமம் எழுந்து நின்றது. உள்ளே கருப்பு அப்படியே இருந்தது. தேய்மானம் இல்லை, கையிலிருந்து இறங்கிய எண்ணெயும் வேர்வையும்தான் என்று விளக்கினேன். மனுஷருக்கு முகம் தெளிந்தது.

"வெறும் அழுக்குதான்னா நிம்மதி பாய். எங்க அண்ணன் அழுக்குக்கு வைஞ்சுட்டு விட்டுருவாரு, தேஞ்சா பேச்சையே விட்டுருவாரு."

பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் தொழிலில் கூட்டம் தாங்காது. ஊரில் உள்ள அத்தனை ஸ்டீயரிங்கிலும் சந்தனமும் குங்குமமும் இருக்கும். என் கடையிலேயே வாக்குவம் மெஷினுக்குப் பேச்சிமுத்து பொட்டு வைப்பான். நான் அவனுக்குப் பொரி கடலை வாங்கிக் கொடுப்பேன். ரெக்சினில் வைத்த பொட்டு ஒரு துடைப்பில் போய்விடும். ஸ்வேட்டில் வைத்தால் சந்தனம் வேர்வரை இறங்கிக் காய்ந்துவிடும், குங்குமம் சாயமாக ஏறிவிடும். கண்ணன் வண்டியில் நடுவே ஒன்று, கைபிடிக்கும் இடத்தில் இரண்டு என்று வைத்து, அதை அவர் வீட்டுக்காரி ஈரத்துணியால் துடைத்து, ஸ்டீயரிங்கில் பாதி செக்கச்செவேல் என்று இருந்தது.

காய்ந்த சந்தனத்தைப் பல் விளக்கும் பிரஷ்ஷால் தட்டித் தட்டி உதிர்த்து, உறிஞ்சி எடுத்து, பிறகு பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றிக் குங்குமத்தை எடுத்தேன். அழுத்தித் தேய்க்கக் கூடாது, தண்ணீரும் ஊறவிடக் கூடாது. இந்த இரண்டையும் செய்யாமல் ஒரு வேலையைச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று துணி துவைத்தவர்களுக்குத் தெரியும். வண்டியின் முன்சீட்டில் கண்ணனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். ரிட்டயர்டு பஸ் டிரைவர். உடம்பு பாதியாகியிருந்தாலும் குரல் மட்டும் டிரைவர் குரலாகவே இருந்தது. பொட்டு வைத்தது அவர்தானாம். யார் வைத்தது என்று நான் கேட்டதற்குக் கண்ணன் நெளிந்தார். பெரியவர் நெளியவில்லை.

"நான் ஓட்டுன அம்புட்டு பஸ்ஸுக்கும் பொட்டு வச்சிருக்கேன் பாய், ஒண்ணும் கோவிச்சுக்கிட்டதில்ல. இது மட்டும் என்ன பெரிய வீட்டு மருமகளா?"

பேண்டேஜ் துணி

எங்கள் பக்கத்து சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தக் கழிவுத் துணி சல்லிசாகக் கிடைக்கும். இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப் எல்லாவற்றிலும் கை துடைப்பதும் கண்ணாடி துடைப்பதும் அதில்தான். நான் தொழுகைக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை கண்ணன் வந்திருக்கிறார். மதுரையிலிருந்து திரும்பும் வழி. பாய் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று நம்ம பேச்சிமுத்து அந்தத் துணியை எடுத்து ஸ்டீயரிங்கைத் துடைத்துவிட்டான். நான் வந்து பார்க்கும்போது கருப்பு ஸ்டீயரிங் நரைத்துப் போயிருந்தது. நூல், பஞ்சு, தூசி எல்லாம் ரோமத்துக்குள் பின்னிக்கொண்டு நின்றன.

ஒட்டும் டேப்பைக் கையில் திருப்பிச் சுற்றி, ஒற்றி ஒற்றி எடுக்க ஆரம்பித்தேன். பெரியவர் டிரைவர் சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டு, ஊசி குத்தாத கையால் ஒவ்வொரு நூலாகப் பிடுங்கிப் போட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. சிங்கப்பூர் மகனைப் பற்றிப் பேச்சு வந்தது. கண்ணன் கொஞ்சம் கசப்பாக, "அண்ணன் போன் போட்டா மொதல்ல வண்டி எப்படி இருக்குன்னுதான் கேக்காரு. அப்பா எப்படி இருக்காருன்னு கேக்கதில்ல" என்றார். பெரியவர் ஒரு நூலை எடுத்து வெளியே ஊதிவிட்டு, "ஏலே, சண்டை போட்டுட்டுப் போனவன். என்னைய நேரா கேக்கக் கூச்சப்படுதான். வண்டி ஓடுதுன்னா நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்லா" என்றார். இதுதான் சமயமென்று பேச்சிமுத்து தன் வழக்கைத் தாக்கல் செய்தான்.

"துணி பஞ்சு விடும்னு ஊருக்கே தெரியும் பாய். ஸ்டீயரிங் அதைப் பிடிச்சு வச்சுக்கிடும்னு எனக்கு யாரு சொன்னா?"

ரயில்வே கேட்

மழைக்காலத்தில் ஒருநாள் கண்ணன் கடை முன்னால் இஞ்சினை அணைக்காமலே கண்ணாடியை இறக்கி, ஸ்டீயரிங்கைக் காட்டினார். வலப்பக்கம் முழுக்க நல்லெண்ணெய். நடுநடுவே மிளகாய்ப்பொடி. எண்ணெய்க்கு வைத்தியம் உண்டு. முகப் பவுடரைத் தூவி, அது உறிஞ்சும்வரை விட்டு, பிறகு பிரஷ் போட வேண்டும். ஆனால் வண்டி ஒரு நாளாவது என்னிடம் கிடக்க வேண்டும். அவருக்கு அந்த ஒரு நாள் இல்லை. பெரியவர் பின்சீட்டில் படுத்திருந்தார். என்னைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். சாப்பாட்டில் அத்தனை கட்டுப்பாட்டிலும் பொடியும் எண்ணெயும் தொட்ட இட்லி மட்டும் ஒரு வாய் இறங்குகிறது, அதையும் தான்தான் ஊட்ட வேண்டும் என்றார் கண்ணன்.

நான் என் தொழில் புத்தியில், கையைத் துடைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கூடாதா தம்பி என்று கேட்டுவைத்தேன். கேட்டிருக்க வேண்டாம். கண்ணன் கோபப்படவில்லை. கியரைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"வழியில கேட்டு அடைச்சிருக்கும்போதுதான் ஊட்ட முடியுது பாய். கேட்டைத் தொறந்ததும் பின்னால ஹாரன் அடிக்கான். கையத் தொடைக்கவா, வண்டிய எடுக்கவா?"

மொட்டைத் தலை

அதன்பிறகு வண்டி வரவில்லை. ரோட்டில் கருப்புக் கார் போனால் எட்டிப் பார்ப்பேன். தைப் பொங்கல் கழிந்து ஒருநாள் வந்து நின்றது. இறங்கிய கண்ணன் தலையில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. பேச்சிமுத்து குழாயை மூடிவிட்டு வந்து பக்கத்தில் நின்றான். டீ வாங்கி வந்தோம். பெரியவர் உயிர் ஆஸ்பத்திரியில் போகவில்லை, வீட்டிலேயே போயிருக்கிறது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, போனில்தான் பார்த்தாராம். இப்போதுதான் வருகிறார். வண்டியை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்த ஸ்டீயரிங்கை இரண்டு நாள் வைத்திருந்தேன். பவுடர் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். நுரையைத் துணியில்தான் எடுக்க வேண்டும், ஸ்டீயரிங்கில் நேராக அடிக்கக் கூடாது. அதையும் பொறுமையாகச் செய்தேன். துடைத்த துணியெல்லாம் கருகருவென்று வந்தது. நிழலில் காயவைத்து, ரோமத்தை ஒரே பக்கமாக நீவி எழுப்பினேன். பெரியவர் உட்கார்ந்து நூல் பிடுங்கிய இடத்தைத் தொடும்போதெல்லாம் மனசு கனத்தது, இருந்தாலும் வேலையை விடவில்லை. அவருக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்தேன். முடித்தபோது ஷோரூமில் வைத்தது போல இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. கண்ணன் கதவைத் திறந்து பார்த்தார், தொடவில்லை.

"இம்புட்டு அழுக்கா வச்சிருந்தேன்னு அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாதிய பாய்."

அண்ணன்

மறுநாள் காலை அண்ணன் தம்பி இருவரும் வண்டியை எடுக்க ஆட்டோவில் வந்தார்கள். ரங்கராஜ் பெரியவரின் அச்சு. என்னிடம் மரியாதையாக வணக்கம் சொன்னார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். உட்காரவில்லை. ஸ்டீயரிங்கை ஒரு விரலால் நீவினார். ரோமம் விரல் போன பக்கம் சாய்ந்து மறுபடி எழுந்தது. என் வேலை பேசுகிறது என்று நான் பக்கத்தில் நின்றேன். "நான் விட்டுட்டுப் போகும்போதே கொஞ்சம் நரைச்சிருந்துச்சே" என்றார். வெளிப்பக்கம் கழுவ மட்டும்தான் விட்டிருப்பதாகக் கண்ணன் அவரிடம் சொல்லிவைத்திருந்தார் போல. அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டார். "வண்டிய எடுக்கவே இல்லையா கண்ணா? அப்பாவ பஸ்லயா கூட்டிட்டுப் போன?"

கண்ணன் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் மறுபடி அறுந்துபோகப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அழுக்கைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்று முந்தின நாள் கண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் ஒரு குடும்பம் கெடும் என்றால் அந்த வாக்கு எதற்கு? சாவியைப் போட்டு, மீட்டரைப் பாருங்கள் என்றேன். அவர் குனிந்து பார்த்தார். விட்டுப்போனபோது இருந்த எண் அவருக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் நிமிர ரொம்ப நேரமாயிற்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது யார் என்று சொன்னேன். பஞ்சு பிடுங்கியதைச் சொன்னேன். கேட் அடைத்த நேரத்தில் இட்லி ஊட்டியதையும், அந்த எண்ணெய்க் கையோடு தம்பி மதுரைவரை ஓட்டியதையும் சொன்னேன். எத்தனை துணி கறுத்தது என்றும் சொன்னேன்.

ரங்கராஜ் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடிக்கப் போய், பிடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணன் சுற்றி வந்து முன்சீட்டில், அப்பா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ரங்கராஜ் தம்பியின் தோளில் கையை வைத்தார், முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது, கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"அந்த அழுக்க அப்படியே விட்டிருக்கலாமே பாய்."

கறை போகவில்லை என்று ஏச்சு வாங்காத நாள் என் தொழிலில் குறைவு, கறை போய்விட்டதே என்று ஒரு மனுஷர் கலங்கியது அந்த ஒரு வண்டியில்தான், அதற்கு மட்டும் என் கடை அலமாரியில் இன்றுவரை மருந்து இல்லை.