பூட்டியிருக்கிறது என்று நான் சொன்ன வீடு

ஆத்தும சோதனை செய்ய என்னிடம் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. அட்டை எப்போதோ போய்விட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வேறு புத்தகம் என்றால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இது மட்டும் தடக்காது, பாதி மனப்பாடம். கொலை செய்தாயா? இல்லை. களவெடுத்தாயா? இல்லை. பொய் சொன்னாயா? ஓம். கோபப்பட்டாயா? ஓம். பூசை நேரம் பராக்காக இருந்தாயா? ஓம். இந்த மூன்று ஓமையும்தான் எத்தனையோ வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்தில் கோயில் குருவான சுவாமியிடம் கொண்டுபோய் ஒப்புவித்து வந்தேன். ஐந்து நிமிஷ வேலை. வெளியே வரும்போது மனம் கழுவிய கோப்பை போல இருக்கும்.

இந்தத் தவக்காலத்தில் எங்கள் கோயிலுக்குப் புதிதாக வந்த சுவாமியிடம் முழங்காலில் இருந்து அதையே சொன்னேன். அவர் உடனே பாவமன்னிப்புத் தரவில்லை.

"ஆரிட்ட அம்மா பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

"பொதுவாச் சொன்னனான் சுவாமி."

"பொதுவாப் பொய் சொல்ல ஏலாது அம்மா. ஒரு ஆளிட்டத்தான் சொல்ல ஏலும்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் கேட்டவுடன் ஒரு முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. அது எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீட்டுக்காரியின் முகம்.

துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் பகுதியில், செபமாலை மாதமான ஐப்பசியில் மாதாவின் சுரூபம், அந்தச் சின்னச் சிலை, வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள். மறுநாள் பின்னேரம் அந்த வீட்டுக்காரரே சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் பாடிக்கொண்டு பின்னால் வர, அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பாட்டைத் தொடங்குவது நான். நாலு பேர் கூடினால் மூலையைத் தேடுகிற ஆள்தான் நான். சபையில் வாய் திறந்து ஒரு சொல் கதைத்ததில்லை. ஆனால் பாட்டைத் தொடங்கச் சொன்னால் தொடங்குவேன். என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

நாலாவது வீட்டுக்காரி புல்மோட்டைப் பக்கமிருந்து வந்து குடியேறியவள். என்னைவிட இருபது வயது இளையவள். வந்த முதல் வருஷமே செபத்தில் அவளும் சேர்ந்து பாடினாள். அந்தக் குரலை என்னவென்று சொல்வது! சின்னப் பிள்ளைகள்கூட வாய் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். முடிந்ததும் யாரோ சொன்னார்கள்: "இனி இவவே தொடங்கட்டும். அக்காவுக்கும் வயசு போகுது, மூச்சு வாங்குது." நானும் தலையாட்டிச் சிரித்தேன்.

போன வருஷம் என் வீட்டிலிருந்து சுரூபம் அவள் வீட்டுக்குப் போக வேண்டிய முறை. சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வந்ததும், என் வாயிலிருந்து தானாக வந்தது போல வந்தது: "அவை புல்மோட்டைக்குப் போட்டினம். வீடு பூட்டிக் கிடக்கு. பின் ஒழுங்கையால அடுத்த வீட்டுக்குப் போவம்." யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் பொய் சொல்வேன் என்று யார் நினைப்பார்கள்? பின் ஒழுங்கையால் போனோம். பாட்டை நான்தான் தொடங்கினேன். அன்றைக்கு மூச்சு வாங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் செபத்துக்கு வரவில்லை. நான் எனக்கு ஒரு நியாயம் வைத்திருந்தேன். அவள் கோயிலில் கலியாணம் எழுதாமல் ஒருவரோடு இருக்கிறாள், அந்த வீட்டுக்கு மாதா போகலாமா என்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் புத்தகத்தைப் பிரிப்பேன். "பொய் சொன்னாயா?" என்ற இடத்தில் ஓம் என்றுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

இதையெல்லாம் சுவாமியிடம் சொன்னேன். அவர், "அவவிட்டயும் போய்ச் சொல்லுங்கோ அம்மா" என்றார். அதுதான் எனக்குப் பிராயச்சித்தம்.

போவதற்கு ஒன்பது நாள் எடுத்தது. போனபோது அவள் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டு இருந்தாள். "வாங்கோ அக்கா" என்று கதிரையைக் காட்டினாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"கேற்றடியில மெழுகுதிரியோட நிண்டனான் அக்கா. பின் ஒழுங்கையால பாட்டுக் கேட்டுது. உங்கட குரல்தான். மாதாவுக்கே என்ர வீட்டுக்குள்ள வர விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன். பிறகு என்னெண்டு கோயிலுக்கு வாறது?"

அவள் வெட்டிய துண்டுகளைச் சட்டிக்குள் போட்டாள்.

"வாற சனத்துக்கெண்டு ரெண்டு கிலோ கடலை அவிச்சனான். மூண்டு நாள் கடலைதான் சாப்பாடு. இவர் கேட்டார், நான் என்ன குதிரையோ எண்டு." சிரித்தாள். சிரித்த முகம் அப்படியே மாறிப்போனது. "எனக்கு மட்டும் சொல்லிப்போட்டுப் போறியளோ? அண்டைக்கு அத்தனை பேருக்கு முன்னாலயெல்லோ சொன்னனீங்கள்!"

அவள் சொன்னதில் பிழையில்லை. இந்த ஐப்பசிக்கு என் முறை வரும்வரை அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அன்று பின்னேரம் செபம் முடிந்து எல்லாரும் எழும்பும்போது, "கொஞ்சம் இருங்கோ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் கதவோரம் நின்றாள். நான் கூப்பிட்டதற்காக வந்திருந்தாள். "போன வருஷம் இவையின்ர வீடு பூட்டியிருக்கு எண்டு சொன்னனான். பூட்டியிருக்கேல்ல. அது பொய்" என்றேன். முன்னால் இருந்த ஒரு அம்மா, "சரி, சரி, மறதியிலதானே சொல்லியிருப்பியள்" என்று என்னைத் தாங்கினார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மறதியில்லை, பொறாமை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அம்மா நீட்டிய சொல்லைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சுரூபத்தை அவள் கையில் கொடுத்தேன். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். சனம் பாட்டுக்காக நின்றது. நான் வாய் திறக்கவில்லை. அவள் திரும்பி, "தொடங்குங்கோ அக்கா, அது உங்கட பாட்டுத்தானே" என்றாள்.

தொடங்கினேன். இரண்டாம் அடியில் குரல் உடைந்தது. அவள் எடுத்துப் பாடிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் வீட்டில் கடலை அவித்து வைத்திருந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் தந்தாள். தின்றேன்.

அன்றைக்கு வாயில் வராமல் போன பொறாமை என்ற சொல்லை, பல இரவாக எழுத்துக் கூட்டிக் கூட்டி இப்போது எழுதியிருக்கிறேன். சொல்வதைவிட எழுதுவது சுகம், எழுதும்போது முகம் பார்க்கத் தேவையில்லை. சனிக்கிழமை இந்தத் தாளைக் கொண்டுபோய், என்னைத் தாங்கிய அந்த அம்மாவிடமே முதலில் கொடுத்து வாசிக்கச் சொல்லப் போகிறேன். வாசித்து முடிக்கும்வரை முன்னால் நிற்க வேண்டும்.